தொண்ணூறு நாள் சீட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காலும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது, வழி மட்டும் தெரிவதில்லை. கையிலிருக்கும் போன் வலது பக்கம் திரும்பு என்றால் திரும்புவார்கள். அங்கே கால்வாய் இருந்தாலும் திரும்புவார்கள். போன வருடம், நாங்கள் குடியிருக்கும் புஞ்சாக் ஆலாமில் ஒருத்தன் தபால் நிலையத்துக்கு முன்னால் காரை நிறுத்திக்கொண்டு, தபால் நிலையம் எங்கே என்று போனைத் தடவிக்கொண்டிருந்தான். நான் கண்ணாடியைத் தட்டி, "தம்பி, தலையத் தூக்கிப் பாரு" என்றேன். பார்த்தான். "ஓ" என்றான். அவ்வளவுதான். எனக்கு ஒரு நன்றி கிடையாது. போனுக்குச் சொல்லியிருப்பான்.

என் மகள் மோகனாவும் அந்தக் கூட்டம்தான். முப்பத்தாறு வயது. ராவாங்கில் கையுறை செய்யும் கம்பெனி ஒன்றில் பத்து வருடம் வேலை பார்த்தாள். அந்தக் கம்பெனிக்குச் சயாமில், அதாவது தாய்லாந்தில், ஹட்யாய் டவுனுக்கு வெளியே ஒரு கிளை இருக்கிறது. அங்கே போக யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது ஆண்பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்களாம். இவள் கையைத் தூக்கிவிட்டாள். வேண்டாம் என்றேன். போய்விட்டாள். இரண்டரை வருடமாகிறது.

என் பெயர் உடையப்பன். மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் உழைத்தேன். கடைசிப் பதினெட்டு வருடம் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எண் படிப்பேன், மலாய் பேசுவேன், தமிழைக் கூட்டிக் கூட்டி எழுதுவேன். என்னை இதுவரை ஏமாற்றியவர்கள் எல்லாரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள்.

போன மாதம் மோகனா வேலைக்குப் போகும் வண்டியிலிருந்து மழையில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால்வரை மாவுக்கட்டு. என் மனைவி வேலம்மாவுக்கு மூட்டுவலி, ரயில் படி ஏற முடியாது. "நீங்க போங்க. சமைச்சுப் போட்டுட்டு வராதீங்க, கையோட கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினாள். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை நம் ரயில், அங்கே முத்திரை குத்திக்கொண்டு சயாம்காரனின் சின்ன ரயில்.

அவள் இருப்பது நாலாவது மாடியில் ஓர் அறை. அங்கே சோறு போனில் வருகிறது, துணி சோப்பு போனில் வருகிறது. போய்ச் சேர்ந்த மறுநாள், குழம்பு வைக்க ஒரு தேங்காய் வேண்டுமே என்றேன். போனைத் தடவினாள். கால் மணி நேரத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் ஒரே ஒரு தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. அவன் அம்மா அவனை இதற்கா பெற்றாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த வாழ்க்கை ஆகாது. காலை ஆறு மணிக்கே இறங்கி நானாக நடந்து பார்த்தேன். வண்டிகள் நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓடுகின்றன. அது ஒன்றுதான் நம் ஊர் மாதிரி. தெருவோரத்தில் காசு போட்டால் தண்ணீர் கொட்டும் பெட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டிலை வைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எவனும் கேட்பதில்லை. நான் காய்ச்சித்தான் குடித்தேன். டவுனில் மூன்று பெரிய தெருக்களுக்கு ஒரே பெயரை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்கிறார்கள். தெருமுனையில் முக்காடு போட்ட ஓர் அம்மா ரொட்டி சுடுகிறாள். மலாய் பேசினாள். ஆனால் அது கிளந்தான்காரன் மலாய் மாதிரி, பாதி வாய்க்குள்ளேயே போய்விடுகிறது.

நாலு நாள் பொறுத்துவிட்டு மகளிடம் பேச்சை எடுத்தேன்.

"கட்டுப் பிரிச்சதும் கிளம்பும்மா. புஞ்சாக் ஆலாம் பக்கம் இல்லாத கம்பெனியா?"

"ராவாங்ல எனக்கு அப்புறம் வந்தவனுக்கெல்லாம் நான்தான்பா வேலை கத்துக் குடுத்தேன். அவனெல்லாம் மேல போனான், நான் அதே மேசைல கெடந்தேன். இங்க நாப்பத்திரெண்டு பேரு என் கையில."

"நாப்பத்திரெண்டு பேரும் வேத்து நாட்டுக்காரன்."

"நான்தான்பா இங்க வேத்து நாட்டுக்காரி." சிரித்தாள். "அடுத்த மாசம் மறுபடி ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுறாங்க. அந்தப் பகுதிக்கே நான்தான் தலைவி."

"காலை ஒடிச்சுக்கிட்டுத் தலைவியா?"

"காலாலயா நான் கையுறை பாக்குறேன்?"

நான் எழுந்து போனேன். சட்டியைக் கழுவினேன்.

விஷயம் வியாழக்கிழமை சாயங்காலம் வெடித்தது. வெளிநாட்டுக்காரர்கள் தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை, நான் இன்ன இடத்தில் குடியிருக்கிறேன் என்று அங்குள்ள குடிநுழைவு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வழக்கமாக அதையும் மோகனா போனிலேயே அனுப்பிவிடுவாள். இந்தத் தடவை பாஸ்போர்ட் புதிது. புது பாஸ்போர்ட்டுக்கு முதல் தடவை தாளைக் கையில் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கால் உடைந்த குழப்பத்தில் நாள் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை, அதாவது மறுநாள், கடைசி நாள். தவறினால் அபராதம். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். சட்டத்தை மீறியவள் என்று பாஸ்போர்ட்டில் குத்திவிடுவான் என்பதுதான் அவளுக்குப் பயம். அவள் கம்பெனியில் அப்படிக் குத்து வாங்கிய ஒருத்தனுக்கு ஒப்பந்தத்தை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, அதற்குள் அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அவளுக்குப் பதிலாக வேறு ஆள் கொண்டுபோகலாம். ஒரு கடிதம் இருந்தால் போதும். அதற்காகத்தான் நொக் என்கிற பெண் வந்திருந்தாள். மோகனாவுக்குக் கீழே வேலை செய்கிறவள், சயாம்காரி. வரும்போதே பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்ட சூப்பும் மீ நூடுல்ஸும் வாங்கி வந்தாள். வேலைக்குப் போவதற்கு முன் நானே கொடுத்துவிடுகிறேன் என்றாளாம். மோகனா மேசை இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். நொக் கையை நீட்டினாள். நான் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்டேன்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"பாஸ்போர்ட்ட எதுக்கு அவகிட்ட குடுக்கற?"

"அவதான் நாளைக்கு எடுத்துட்டுப் போறா."

"எடுத்துட்டுப் போனா திரும்பி வருமா?"

"அவ என் லைன்ல மூணு வருஷமா இருக்காப்பா. பாஸ்போர்ட்டப் போட்டு சூப்பா வைக்கப்போறா?"

"மூணு வருஷமா? நீ வந்தே ரெண்டரை வருஷம்தானே ஆவுது?"

"ஐயோ, நான் வர்றதுக்கு முன்னாடியே அந்த லைன்ல இருக்கான்னு சொல்றேன்!"

நொக்குக்குத் தமிழ் தெரியாது. முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு நான் பாஸ்போர்ட்டை மார்போடு வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கை கூப்பிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் கொடுக்கவில்லை.

என் அம்மா நாங்கள் இருந்த அதே தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய பிறப்புச் சீட்டை, குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை எடுத்துத் தருகிறேன் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் ஒரு கிராணி வாங்கிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வருவார். அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். சீட்டு எந்தப் பெட்டியில் போனதோ, யாருக்கும் தெரியாது. அம்மா சாகும்வரை சிவப்பு அட்டை. பிறந்த மண்ணில் வெளியாள். அவர் திருடியிருந்தால் நான் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஒரு நல்ல மனிதர் கையில் கொடுத்தல்லவா அது போனது?

இதெல்லாம் மோகனாவுக்கும் தெரியும். இருந்தாலும் கத்தினாள்.

"அப்ப யாரு போறது? நானா?" மாவுக்கட்டுக் காலைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் போறேன்."

"உங்களுக்கு இந்த ஊர்ல கெழக்கு எது மேக்கு எதுன்னு தெரியுமா?"

"ஏன், சூரியன் இங்க வேற பக்கமா மொளைக்குது?"

"சரி, போன்ல கார் கூப்பிட்டு விடறேன். கீழ வந்து நிப்பான். ஏறுங்க, இறங்குங்க. போதும்."

"எவனோ வருவான், எங்கயோ கொண்டு போவான். பாஸ்போர்ட் என்கிட்ட இருக்கு. ஆகாதும்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மெயின் ரோட்டில் நின்றால் இரண்டு பலகை போட்ட வண்டி வரும். பாலம் தாண்டிய பிறகு இடது பக்கம் பதினைந்தாம் நம்பர் சந்து. அதன் முனையில்தான் அலுவலகம். இன்னொரு தாளில் சயாம் எழுத்தில் எதையோ கிறுக்கி, "இத டிரைவர்கிட்ட காட்டுங்க, சரியா எறக்கி விடுவான்" என்றாள். நொக் போகும்போது எனக்கும் கை கூப்பினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் எட்டரை மணிக்குக் கிளம்பினேன். பாஸ்போர்ட், நிரப்பிய விண்ணப்பப் பாரம், கடிதம் மூன்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டேன். வண்டி வந்தது. பிக்கப்பின் பின்னால் கூரை போட்டு, எதிரெதிராக இரண்டு நீளப் பலகை. நம் தோட்டத்தில் ஆட்களை ஏற்றிப் போகும் லோரிக்கு ஒரு கூரை போட்டால் இதுதான். ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஒருத்தி மடியில் இரண்டு வாத்துக் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தாள். என் வயிறு ஒரு பக்கம் புடைத்திருப்பதைப் பார்த்து, பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மோகனாவின் சயாம் எழுத்துத் தாளை நான் காட்டவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாததை நான் யாரிடமும் நீட்டுவதில்லை. பாலம் எனக்குத் தெரியும். பாலம் ஏமாற்றாது. பாலம் இறங்கியதுமே மணியை அடித்து இறங்கி, இடது பக்கமாக நடந்து, சந்துகளை எண்ண ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு சந்து முனையிலும் பலகை இருந்தது. எண்ணும் போட்டிருந்தான். முதல் பலகையில் ஒன்று. அடுத்ததில் மூன்று. இரண்டு எங்கே? விழுந்திருக்கும். அடுத்ததில் ஐந்து. சரி, இந்த ஊர்க்காரன் பலகை நடுகிற லட்சணம் இதுதான் என்று முடிவு செய்தேன். பலகையை நம்பி நான் எந்தக் காலத்திலும் நடந்ததில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு தடவை ஆபீஸ் ஆட்கள் ஒரு செம்பனைக் காட்டின் எண் பலகையைப் பிடுங்கி அடுத்த காட்டில் நட்டுவிட்டார்கள். அதை நம்பிப் போன எட்டுப் பேர், குலை வெட்டி மூன்று நாள்கூட ஆகாத மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மரங்களின் நிரையை நானே விரல்விட்டு எண்ணுவேன். இங்கேயும் எண்ணினேன். டயர் கடைப் பக்கம் நாலு, பல் டாக்டர் கடைப் பக்கம் ஏழு, கோழி பொரிக்கிற கடைப் பக்கம் பத்து.

பதினைந்தாவது சந்தில் குடிநுழைவு அலுவலகம் இல்லை. கார் கழுவும் இடம் இருந்தது. உள்ளே கடைசிவரை நடந்தேன். சுவர்தான் இருந்தது. சுவருக்கு அப்பால் ரயில் தண்டவாளம். திரும்பி வந்து கார் கழுவுகிறவனிடம், "இமிகிரேசன்?" என்றேன். அவன் ஈரக் கையோடு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டான். எனக்கு மயக்கம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. மணி பத்தே முக்கால். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு நினைப்பு வந்தது. இப்படியே வந்த வழி திரும்பி, இடம் கிடைக்கவில்லை என்று சொன்னால் என்ன? பொய்கூட இல்லை. குத்து விழும். ஒப்பந்தம் தள்ளிப்போகும். கட்டைப் பிரித்ததும் மோகனா என்னோடு ரயில் ஏறுவாள். வேலம்மா சந்தோஷப்படுவாள். நான் வந்த காரியம் தானாக முடிந்துவிடும், யாரோடும் சண்டை இல்லை.

அந்தச் சந்தோஷம் எனக்கு எப்படிப்பட்டதாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு தாள் ஒருவர் கையில் தங்கிப்போனதால் தன் பிழைப்பு போனதென்று அவள் சொல்வாள். இந்தத் தடவை அந்தக் கை என்னுடையது. வருவதானால் அவளாக வரட்டும். குற்றவாளி என்று முத்திரை வாங்கிக்கொண்டு என் மகள் வர வேண்டாம். நான் எழுந்தேன்.

எழுந்தபோதுதான் சந்து முனைப் பலகையைச் சரியாகப் பார்த்தேன். இருபத்தொன்பது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சந்து, அதில் இருபத்தாறு. அதற்கு அடுத்தது இருபத்தெட்டு. ஒன்று, மூன்று, ஐந்து என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

செம்பனைக் காட்டில் இரண்டு நிரைக்கு ஒரு நடைபாதை. ஓர் இடைவெளியில் நடந்து குலை வெட்டுவோம், அடுத்த இடைவெளியில் வெட்டிய மட்டைகளைப் போடுவோம். நடைபாதைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் நிரைக் கணக்கு உதைக்கும். புதிதாக வந்த வங்காளதேசத்து ஆட்கள் இந்தத் தப்பைச் செய்துவிட்டு அடுத்தவன் நிரையில் நிற்பார்கள். எத்தனை பேரை நான் இதற்காகத் திட்டியிருக்கிறேன், கணக்கில்லை. இந்த ஊரில் ஒற்றை எண் எல்லாம் ஒரு பக்கம், இரட்டை எண் எல்லாம் மறு பக்கம். பலகைகள் ஒன்றும் விழவில்லை. பதினைந்தாம் நம்பர் என்பது இந்தப் பக்கத்தில் எட்டாவது சந்து. ஏழு சந்து தாண்டி வந்திருக்கிறேன்.

என்னைத் திட்ட அங்கே ஒரு மண்டோர் இல்லை. நானே திட்டிக்கொண்டேன், நல்ல வார்த்தையாக இரண்டு. கார் கழுவுகிறவன் சிரித்தான்.

ஏழு சந்தும் திரும்பி நடந்தேன். அலுவலகத்துக்குள் நுழையும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. வாசல் மேசையில் இருந்தவன் தாள்களைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டின் இரண்டு பக்கங்களை விரித்துக் காட்டி, வெளியே கையை நீட்டினான். போட்டோஸ்டேட் எடுத்து வர வேண்டும். மோகனா இதைச் சொல்லவில்லை. அவள் எப்போதும் போனிலேயே அனுப்புகிறவள், அவளுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்திலேயே போட்டோஸ்டேட் கடை. கடைக்காரி பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நானே மேசையைச் சுற்றிப் போய், இயந்திரத்தின் மூடியைத் தூக்கி, பாஸ்போர்ட்டை விரித்து வைத்தேன். மூடியை அவள் மூடினாள். நான் ஓரத்தில் ஒரு விரலை உள்ளே விட்டு அதைத் தொட்டுக்கொண்டே நின்றேன். வெளிச்சம் ஓடியது. வந்த தாளில் பாஸ்போர்ட்டும் இருந்தது, என் விரலும் இருந்தது. அவள் தன் விரலைக் காட்டி, தலையை ஆட்டி, மறுபடி எடுத்தாள். மறுபடியும் என் விரல். மூன்றாவது தடவை அவள் என் கையைப் பிடித்து மெதுவாக எடுத்து, இயந்திரத்தின் மேல் வைத்தாள், குழந்தைக்குச் செய்வது மாதிரி. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. நகல் எடுத்ததும் பாஸ்போர்ட்டை அவளே இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது பன்னிரண்டு அடித்துவிட்டது. சாப்பாட்டு நேரம், ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். சாப்பிடப் போகாமல் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் என் வயதைவிடக் கொஞ்சம் குறைந்த ஒரு சீனர். நான் துண்டை அவிழ்த்துப் பாஸ்போர்ட்டை எடுப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஊர் மலாயில் கேட்டார்.

"அங்கிள், மலேசியாவா? எந்த இடம்?"

"கோலசிலாங்கூர்."

"அட, நான் பக்கத்து ஊரு, செகிஞ்சான்! ஆ செங்." கையை நீட்டினார். நெல் அறுக்கும் இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் விற்க வந்து, ஒன்பது வருடமாக இங்கேயே இருக்கிறாராம். "வயித்துல எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க? பாஸ்போர்ட்டா, பிள்ளையா?"

"பிள்ளையோட பாஸ்போர்ட்."

வயிறு குலுங்கச் சிரித்தார். "உள்ள குடுக்கறப்ப விட்டுடுவீங்களா?"

"பார்ப்போம்" என்றேன்.

ஒரு மணிக்கு, வாசல் மேசைக்காரன் கொடுத்திருந்த என் எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி, தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். பாரத்தைத் தள்ளினேன், கடிதத்தைத் தள்ளினேன், நகல்களைத் தள்ளினேன். பாஸ்போர்ட்டைத் தள்ளினேன், ஒரு முனையை விடவில்லை. அவள் மறு முனையைப் பிடித்தாள். இழுத்தாள். என்னைப் பார்த்தாள். பின்னால் ஆ செங், "அங்கிள், விடுங்க. கதவு இந்தப் பக்கம்தான் இருக்கு, அவ எங்க ஓடுவா?" என்றார்.

விட்டேன். அது அவள் கையில் இருந்த மூன்று நிமிடமும் நான் கண்ணைச் சிமிட்டவில்லை. பக்கம் புரட்டினாள், தட்டச்சு செய்தாள், ஒரு தாளை எடுத்து அடிமட்டம் வைத்துக் கிழித்தாள், பாஸ்போர்ட்டின் உள்ளே வைத்து ஒரு கம்பி ஊசி அடித்தாள். தள்ளிவிட்டாள்.

திறந்து பார்த்தேன். பக்கங்களில் புதிதாக ஒன்றும் இல்லை. பஸ் டிக்கெட் அளவு ஒரு துண்டுத் தாள், அதில் ஒரு தேதி, பேனாவால் ஒரு கிறுக்கல். இதற்காகவா இவ்வளவும்?

"முத்திரை?" என்றேன். புரியவில்லை. ஒரு கை முட்டியால் மறு கையில் குத்திக் காட்டினேன். அவள் சிரித்து, துண்டுத் தாளில் இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சூடா, முடிஞ்சிருச்சு அங்கிள்" என்று மலாயில் சொன்னார் ஆ செங். "அவ்வளவுதான். எனக்கும் இதே மாதிரிதான் குடுப்பா." தன் பாஸ்போர்ட்டை விரித்தார். அதிலும் அதே மாதிரி ஒரு துண்டு தொங்கியது.

"உங்களையும் ஏமாத்தியிருக்கா."

"ஒம்பது வருஷமாவா?"

"ஒம்பது வருஷமும்."

அவர் சிரித்த சிரிப்பில் கூடமே திரும்பிப் பார்த்தது. நான் ஓரமாகப் போய் மோகனாவுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா! மணி ஒன்னேகால்! எங்க இருக்கீங்க?"

"ஆபீசுல. ஒரு துண்டுத் தாள ஊசி அடிச்சுக் குடுத்திருக்கா. முத்திரை இல்ல."

"தேதி போட்டிருக்கா?"

எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தப் பக்கம் அவளும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

"அதான்பா. அதேதான்." மாவுக்கட்டு எதிலோ இடித்த சத்தம் கேட்டது. "முடிஞ்சிருச்சு. நொக்குக்குச் சொல்லணும், காலைலேர்ந்து நாலு தடவ கேட்டுட்டா, அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரான்னு."

"கேக்கட்டும். நீ ஒன்னு செய். ரெண்டு வருஷத்துக்குக் காகிதம் போடறப்ப அத அவனுங்க கையிலயே வுட்டுட்டு வராத. ஒரு நகலு நீ எடுத்து வச்சுக்க."

"அப்ப நான் இங்க இருக்கலாமாப்பா?"

"நான் அப்படிச் சொல்லல" என்று போனை வைத்தேன்.

கதவுவரை வந்தவன் மனம் கேட்காமல் மறுபடி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். பாஸ்போர்ட்டை விரித்து வெற்றுப் பக்கத்தைக் காட்டினேன். அந்தப் பெண் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பொறுமையாகத் தலையை ஆட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். எனக்குப் பின்னால் நின்றவன் தன் பாரத்தை நீட்டினான். நான் ஒதுங்கினேன்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டான். ஆ செங் என்னவோ சொல்லிக் கையை ஆட்டினார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டைச் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு படியிறங்கி வெயிலில் நடந்தேன். அவ்வளவு பெரிய அரசாங்கம், ஒரு முத்திரைக்கு மை இல்லாமலா போகும்? அந்த மெல்லிய கம்பி தொண்ணூறு நாள் பிடிக்கும் என்று அவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.